பாரிசவாதத்துக்குப் பின் கையை மீட்பது: மூளைத் தூண்டலும் தொழில்வழிச் சிகிச்சையும், ஒரு முழுமையான வழிகாட்டி

"தலையில் காந்தத்தை வைத்தால் அப்பாவின் கை எழும்புமாம், உண்மையா?"

சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு வரும் குடும்பங்கள் கூடிவிட்டன. வெள்ளவத்தையிலிருந்து வருகிறார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, உறவினர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவோடு காலையிலேயே வந்து நிற்பவர்களும் உண்டு. கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது உண்பது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்வித்தே கையை மீட்கப் பழக்குபவராக வேலை செய்யும் நான் அவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். கிளினிக்கில் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் இவ்வளவும் சொல்லி முடிவதில்லை.

காந்தம் கையை எழுப்பாது. மூளையைக் கொஞ்ச நேரத்துக்குக் கற்கும் பதத்துக்குக் கொண்டுவர அது உதவலாம். அந்தப் பதம் இருக்கும்போதே கை வேலை செய்ய வேண்டும். மழை பெய்துவிட்டது என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நெல் விளைவதில்லை. ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். காந்தத்தாலோ மின்னோட்டத்தாலோ மூளையைத் தூண்டுவது மழை என்றால், தொழில்வழிச் சிகிச்சைதான் விதைப்பு. கிணற்று நீரிலும் பயிர் செய்யலாம் என்பதையும், அதாவது தூண்டல் இல்லாமலும் கை முன்னேறும் என்பதையும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கை ஏன் வழங்காமல் போகிறது

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதியிலுள்ள கலங்கள் இறக்கின்றன. இடது மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து புறப்படும் நரம்புப் பாதை மூளைத்தண்டின் அடியில் மறுபக்கம் கடந்து வலது கைக்குப் போகிறது. ஆகவே இடது மூளை அடிபட்டால் வலது கை வழங்காது. தசை அங்கேதான் இருக்கிறது. கட்டளை வந்து சேரும் வழிதான் அறுந்திருக்கிறது அல்லது மெலிந்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாத வீடுகளில் தசைக்கு எண்ணெய் தேய்ப்பதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. எண்ணெய் தேய்ப்பது உடம்புக்கு இதமாக இருக்கலாம், நான் தடுப்பதில்லை. ஆனால் கட்டளையை மீண்டும் கற்க வேண்டியது மூளை.

மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு சமநிலையில் இருப்பவை. ஒரு பாதி அடிபட்டதும் நல்ல பாதியின் அடக்கும் கை ஓங்கி, ஏற்கனவே பலவீனமான பாதியை மேலும் அமுக்குகிறது என்பது ஒரு விளக்கம். தூண்டல் சிகிச்சையின் பெரும்பகுதி இந்த விளக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டது. சேதம் பெரிதாக இருப்பவர்களில் நல்ல பாதி தடையாக இல்லாமல் துணையாகவும் இருக்கக்கூடும் என்று பின்னர் தெரியவந்தது. ஒரே முறை எல்லோருக்கும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்றொன்று, கையைப் பாவிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவ்ப் இதை விரிவாக ஆராய்ந்தார். முதல் வாரங்களில் கை தோற்றுத் தோற்று, நல்ல கையே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகிறது. பிறகு அடிபட்ட கையில் பலம் திரும்பினாலும் அதை எடுக்க மூளைக்குத் தோன்றுவதில்லை.

இது நம் வீடுகளில் தனி முகம் எடுக்கிறது. வலது கை வழங்காதவர் இடது கையால் சாப்பிடக் கூசுகிறார். மனைவியோ மகளோ கரண்டியால் ஊட்டுகிறார்கள். ஆக, வலது கைக்கும் வேலை இல்லை, இடது கைக்கும் வேலை இல்லை. இடது கை அடிபட்டவர்களின் வீட்டில் வேறு கதை. "இடது கைதானே, பரவாயில்லை" என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். மலசலகூடத்தில் கழுவிக்கொள்ள ஒருவர் கூட வர வேண்டியிருக்கிறது என்பதை அந்த மனிதர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கௌரவம் அந்த இடது கையில்தான் இருக்கிறது. ஆண்கள் என்னிடம் அதைச் சொல்ல மூன்று நான்கு சந்திப்புகள் எடுக்கின்றன. வீட்டார் முன்கூட்டியே, தனியாக இருக்கும்போது, மெதுவாகக் கேட்டுப்பாருங்கள்.

தூண்டலில் இரண்டு வகை

முதலாவது காந்தத் தூண்டல். 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் மண்டையோட்டைத் திறக்காமல், வலியில்லாமல், காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி விரல்களை அசைத்துக் காட்டினார்கள். தலைமேல் பிடிக்கும் சுருளில் ஒரு கணம் பலமான மின்சாரம் பாய, அதனால் எழும் காந்தப்புலம் எலும்பைத் தாண்டி உள்ளே ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. துடிப்பைத் தொடர்ந்து கொடுத்தால் அது சிகிச்சை முறை. ஆர்டிஎம்எஸ் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். விநாடிக்கு ஒன்று என்று மெதுவாகக் கொடுத்தால் அந்தப் பகுதி அடங்கும். விநாடிக்கு ஐந்து, பத்து என்று வேகமாகக் கொடுத்தால் அது உசுப்பப்படும். ஆகவே நல்ல பாதியை மெதுவான துடிப்பால் அடக்குவது ஒரு வழி, அடிபட்ட பாதியை வேகமான துடிப்பால் உசுப்புவது இன்னொரு வழி.

இரண்டாவது நேர்மின்னோட்டத் தூண்டல், சுருக்கமாக டிடிசிஎஸ். 2000 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்சே, பவுலஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வோடு இது பரவலாயிற்று. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் கட்டி, வழக்கமாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் அளவில் சுமார் 20 நிமிடம் மின்னோட்டம் விடுவார்கள். இது நரம்பை நேரடியாகச் சைகை அனுப்பவைப்பதில்லை. சைகை அனுப்புவதற்கு நரம்பு எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பதைத்தான் மாற்றுகிறது. கருவி சிறியது, மலிவானது, கை பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே தலையில் இருக்கலாம்.

ஆய்வுகள் சொல்வதை மறைக்காமல் சொல்கிறேன்

தூண்டலையும் தொழில்வழிச் சிகிச்சையையும் ஒரே திட்டமாகக் கட்டியதில் ஜப்பானியர் முன்னோடிகள். டோக்கியோவின் ஜிகெய் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அபோ, ககுடா ஆகியோரின் குழு நோயாளியை 15 நாட்கள் வைத்தியசாலையில் தங்கவைத்தது. நல்ல பக்க மூளையில் மெதுவான காந்தத் துடிப்பு, ஒவ்வொன்றும் 20 நிமிடமாக மொத்தம் 22 அமர்வுகள்; அதோடு நாளொன்றுக்கு 120 நிமிடம் தீவிர தொழில்வழிச் சிகிச்சை. 2012 இல் 204 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். கை அசைவு எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பார்க்கும், 66 புள்ளிகள் கொண்ட ஃபூகல்-மயர் அளவீடு சராசரியாக 47 அளவிலிருந்து 51 அளவுக்கு ஏறியது. பாரிசவாதம் வந்து ஆண்டுக்கணக்கானவர்களில் பதினைந்தே நாட்களில் இது நடந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் தூண்டல் இல்லாத ஒப்பீட்டுக் குழு அதில் இருக்கவில்லை.

ஒப்பீட்டுக் குழுவோடு அமெரிக்காவில் நடந்த நைச் என்ற ஆய்வின் முடிவு 2018 இல் வந்தது. 199 பேர், பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆனவர்கள். ஆறு வாரத்தில் 18 அமர்வுகள். ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தத் தூண்டல், மற்றவர்களுக்குப் போலித் தூண்டல், எல்லோருக்கும் ஒரே கைப்பயிற்சி. ஆறு மாதத்தின் பின் உண்மைக் குழுவில் 67 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள். போலிக் குழுவில் 65 சதவீதம். நேர்மின்னோட்டத்திலும் கிட்டத்தட்ட இதே கதை: 129 பேரைக் கொண்டு நடந்து 2025 இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட்-2 ஆய்வில் 2 மில்லிஆம்பியர், 4 மில்லிஆம்பியர், போலி ஆகிய மூன்று குழுக்களும் தீவிர கைப்பயிற்சி பெற்றன. மூன்றும் முன்னேறின, அவற்றுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

மறுபுறம், 2020 இல் ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டல், பாரிசவாதத்தின் ஆரம்பக் கட்டம் தாண்டிய காலத்தில் நல்ல பக்கத்தில் கொடுக்கும் மெதுவான காந்தத் துடிப்புக்கு, கை அசைவு மீள்வதைப் பொறுத்தவரை, மிக உயர்ந்த தர ஆதாரம் இருப்பதாகக் கணித்தது. இரண்டு பக்கமும் உண்மையான ஆய்வுகள் உண்டு. என் தீர்ப்பு இதுதான்: சிலருக்கு, சரியான காலத்தில், சரியான பக்கத்தில் தூண்டல் கூடுதல் உதவியாக இருக்கலாம். ஆனால் நைச் ஆய்வின் அந்த 65 சதவீதத்தைத் திரும்ப வாசியுங்கள். போலிக் காந்தத்தோடு, வெறும் பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறியிருக்கிறார்கள். நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரிகிறது.

முதற்படி: ஆரம்ப நாட்களில் கையைக் காப்பாற்றுங்கள்

முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். "காலையில் பார்ப்போம்" என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். தண்ணீர் புரையேறும், நேரமும் போய்விடும்.

உயிர் ஆபத்து நீங்கிய பின் கைக்கு வரும் முதல் கேடு பெரும்பாலும் நம்மாலேயே வருகிறது. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து ஆளை எழுப்புகிறோம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறோம். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் செயலிழந்திருப்பதால் எலும்பு கீழிறங்கி, பிறகு மாதக்கணக்கில் தோள்வலி. வலிக்கிற தோளோடு எந்தப் பயிற்சியும் நடக்காது, எந்தக் காந்தமும் உதவாது. இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். கதிரையில் இருக்கும்போது முழங்கையையும் முன்கையையும் தலையணையில் தாங்கிவையுங்கள்.

மூன்றாம் நாளளவில் இரண்டு அசைவுகளைச் சிகிச்சையாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள்: கையைப் பக்கவாட்டில் தோளிலிருந்து தூக்குவது, விரல்களை நீட்டுவது. நியூசிலாந்தில் உருவான ஒரு கணிப்பு முறையில் இவ்விரண்டுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி கொடுக்கிறார்கள். கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மூன்று மாதத்தில் கை நன்றாக மீளும் வாய்ப்பு அதிகம். அதற்குக் குறைந்தால் அதே காந்தக் கருவியை ஒரு சோதனைக்குப் பயன்படுத்தி, மூளையிலிருந்து கைக்கு வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இரண்டாம் படி: தூண்டல் செய்யலாமா என்று முடிவெடுப்பது

இதை நரம்பியல் விசேட வைத்திய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும். வாதநோய் மற்றும் புனர்வாழ்வு வைத்திய நிபுணரின் கருத்தும் முக்கியம். நீங்கள் செய்ய வேண்டியது, எதையும் மறைக்காமல் சொல்வது.

வலிப்பு எப்போதாவது வந்ததா? இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? காதுக்குள் பொருத்திய செவிக்கருவி? மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப்? அழுத்தம் குறைக்க மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்திருக்கிறார்களா? மனச்சோர்வுக்கும் வலிக்கும் எடுக்கும் மாத்திரைகள் என்னென்ன? சில மாத்திரைகள் வலிப்பு எளிதில் வர வழிசெய்துவிடும். டிரமடோல் அவற்றில் ஒன்று, அது நம் வீடுகளில் வலி மாத்திரை என்ற பெயரில் சாதாரணமாகக் கிடக்கிறது.

வெளிநாட்டுப் படிவங்களில் "தலையில் உலோகம் உண்டா?" என்று ஒரு வரி இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "ஷெல் துண்டு, குண்டுச் சன்னம் ஏதாவது உடம்பில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். காயம் ஆறிவிட்டதால், எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டதால், அதைப் பற்றிப் பேச விரும்பாததால் பலர் சொல்வதில்லை. தலையிலோ கழுத்திலோ உலோகத் துணுக்கு இருந்தால் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் இதே கேள்வி எழும். சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே போதும். பிள்ளைகளே, உங்கள் தாய் தந்தையர் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள்.

விரல்களில் அசைவே இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டம் பெரும்பாலும் பொருந்தாது. ஜப்பானியத் திட்டம் விரல்களை ஓரளவாவது மடக்கக்கூடியவர்களையே சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் படி: இயந்திரத்துக்கு முன் சிகிச்சையாளரைத் தேடுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தூண்டல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துப் பணம் கட்டிவிட்டு, அதன்பிறகு கைப்பயிற்சிக்கு ஆள் தேடுகிறார்கள். அதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. ஒரு தடவை தூண்டினால் அதன் தாக்கம் நீடிப்பது பெரும்பாலும் சில பத்து நிமிடங்கள், கூடிப்போனால் ஒரு மணித்தியாலம் அளவு. தூண்டல் ஓரிடத்தில், பயிற்சி நகரின் மறுகோடியில் என்றால் கொழும்பின் காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டிக்குள் இருந்தபடியே அந்த நேரம் கழிந்துவிடும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் போதனா வைத்தியசாலைகளிலும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. றாகமையில் புனர்வாழ்வுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. தனியாரிடம் போவதானால் சிகிச்சையாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. தூண்டல் நடக்கும் இடத்தில் கேட்க வேண்டியவை: எந்தப் பக்கத்தை, எந்த வேகத்தில் தூண்டப்போகிறீர்கள், ஏன்? தூண்டல் முடிந்து எத்தனை நிமிடத்தில் கைப்பயிற்சி தொடங்கும்? பயிற்சி எவ்வளவு நேரம், யார் செய்விப்பார்? வலிப்பு வந்தால் கையாள வைத்தியர் அருகில் இருப்பாரா? கை முன்னேறியதா என்று எதைக்கொண்டு அளப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். "பத்து அமர்வில் கை நூறு வீதம் சரி" என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து வருவோருக்கு ஒரு குறிப்பு: இரண்டு மூன்று வாரம் சிகிச்சை இடத்துக்கு நடை தூரத்தில், மாடிப்படி ஏறத் தேவையில்லாத இடமாகப் பார்த்துத் தங்குங்கள். களைத்துப்போய் வரும் மூளை கற்காது.

நான்காம் படி: அளவெடுப்பும் இலக்கும்

தொடங்குமுன் அளந்து எழுதிவைக்காவிட்டால், முடிவில் கிடைப்பது அபிப்பிராயம் மட்டும்தான். ஃபூகல்-மயர் தவிர, பொருட்களைப் பிடிப்பதையும் தூக்குவதையும் பார்க்கும், 57 புள்ளிகள் கொண்ட ஏராட் என்ற சோதனை உண்டு. சிறு மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மாற்ற முடிகிறது என்று எண்ணும் சோதனையும் உண்டு. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது எளிது: ஒரே மேசை, ஒரே கதிரை, ஒரே கோப்பை, ஒரே கோணத்தில் கைத்தொலைபேசி. வாரத்துக்கு ஒரு வீடியோ.

இலக்கைப் பற்றி நோயாளியிடம் கேளுங்கள், பிள்ளைகளிடமல்ல. மகன் "அப்பா எழுத வேண்டும்" என்பார். அப்பாவுக்கோ சாறத்தைத் தானே இறுக்கிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு அம்மா பேத்தியின் தலையைப் பின்ன வேண்டும் என்றார். இருகைகளும் சேரும், விரல்கள் தனித்தனியாக வேலை செய்யும், தோள் உயர்ந்தபடி நிற்கும்; நான் யோசித்து எழுதியிருந்தாலும் அதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது. மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: சிகிச்சை நாள் எப்படிப் போகும்

காந்தத் தூண்டலானால் முதலில் காதடைப்பான் தருவார்கள். சுருள் சத்தமாகச் சொடுக்கும். ஒற்றைத் துடிப்புகளைக் கொடுத்துப் பெருவிரல் துடிக்கும் இடத்தையும், துடிக்கப் போதுமான ஆகக்குறைந்த பலத்தையும் தேடுவார்கள். அந்த அளவு ஒவ்வொருவருக்கும் வேறுபடும் என்பதால் இந்தப் பகுதியை அவசரப்படுத்தக்கூடாது. பிறகு விநாடிக்கு ஒன்றாக 20 நிமிடம், மொத்தம் 1200 துடிப்புகள். தலையில் யாரோ விரலால் தட்டுவதுபோல் இருக்கும். சிலருக்குத் தலையிடி வரும், பெரும்பாலும் தானாகவே தணியும். நேர்மின்னோட்டமானால் பஞ்சின் கீழ் அரிப்பும் குறுகுறுப்பும். தோல் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும்.

எழுந்ததும் நேராகப் பயிற்சி மேசைக்கு. தேநீர் பிறகு.

முதல் பத்து நிமிடம் இறுக்கத்தைத் தளர்த்துவது: மணிக்கட்டையும் விரல்களையும் மெதுவாக நீட்டி வைத்திருப்பது, உள்ளங்கையை மேசையில் ஊன்றி உடலின் பாரத்தைச் சாய்ப்பது. அதன்பின் இலக்கைத் துண்டுதுண்டாகப் பிரிக்கிறோம். கோப்பையைத் தூக்குவது என்றால் கையை நீட்டுவது, விரல்களைத் திறப்பது, பிடிப்பது, தூக்குவது, விடுவது. இவற்றில் விடுவதுதான் பலருக்குக் கடினம். அதனால்தான் எங்கள் வீடுகளில் எல்லோரும் வாங்கிக் கொடுக்கும் அந்த ரப்பர் பந்தைத் தயவுசெய்து எடுத்து வையுங்கள். விரல்களை மடக்கும் தசை ஏற்கனவே இறுகிக்கொண்டிருக்கிறது. திறப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

செய்யக்கூடியதைவிட ஒரு படி கடினமாக வைப்பதுதான் சிகிச்சையாளரின் கைவண்ணம். பத்தில் ஏழு தடவை வெற்றி வந்தால் பொருளைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன், அல்லது சற்றுப் பாரமாக்குகிறேன். பத்தில் இரண்டு என்றால் கிட்டக் கொண்டுவருகிறேன். எண்ணிக்கை மிக முக்கியம். அமெரிக்காவில் புனர்வாழ்வு அமர்வுகளைக் கவனித்து 2009 இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஓர் அமர்வில் பயனுள்ள கையசைவுகள் சராசரியாக 32 மட்டுமே நடந்தது தெரிந்தது. மூளை மாற்றம் கண்ட விலங்கு ஆய்வுகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் செய்விக்கப்பட்டது. என் மேசையில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றை வீட்டார் அடுத்த கிண்ணத்தில் போடுவார்கள். கிண்ணம் நிறைவதைப் பார்க்கும்போது நோயாளியின் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சிகிச்சையாளரோடு ஒரு மணித்தியாலம், பிறகு எழுதித் தந்த பயிற்சியைத் தானே செய்ய இன்னொரு மணித்தியாலம். இடையில் ஓய்வு தாராளமாக.

ஆறாம் படி: குசினிதான் பெரிய பயிற்சிக்கூடம்

மாலை வீட்டுக்கு வந்தபின் நடப்பதில்தான் பாதிப் பலன் தங்கியிருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கும் வேலைகள் பெரும்பாலும் சாப்பாட்டைச் சுற்றியவை.

விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று வைத்தியசாலையில் உறுதிசெய்திருந்தால், வலது கையால் சாப்பிடுவதைப் படிப்படியாகத் தொடங்குங்கள். முதலில் பாண் துண்டு. பிடிப்பதற்கும் கடிப்பதற்கும் அது பொறுமையாக இருக்கும். பிறகு ரொட்டியைப் பிய்ப்பது, அதற்கு இரண்டு கையும் வேண்டும். அடுத்தது இடியப்பம், பிய்க்கவும் குழைக்கவும் விரல் நுனிகள் வேலை செய்யும். அதன்பின் பருப்போடு குழைத்த சோறு, ஏனென்றால் குழைந்த சோறு உதிராது. பிட்டு கடைசி. உதிரும் பிட்டைக் கூட்டி வாய்க்குக் கொண்டுபோகிறவரின் கை நல்ல நிலைக்கு வந்துவிட்டது. சாப்பாடு ஆறிப்போகும், சட்டை அழுக்காகும், நேரம் எடுக்கும். முழுச் சாப்பாட்டையும் இப்படிச் செய்ய வேண்டாம். முதல் ஐந்து வாய் அவருடைய கையால், மீதியைக் கரண்டியால். அடுத்த வாரம் பத்து வாய்.

கை இன்னும் பலவீனமாக இருந்தால், பிடித்துவைக்கும் கையாக அதைப் பழக்குங்கள்: மற்றக் கை கரண்டியால் கிளறும்போது பாத்திரத்தை இது பிடிக்கட்டும், போத்தலைத் திறக்கும்போது இது அணைக்கட்டும். சற்று முன்னேறியதும் சின்ன வெங்காயம் உரிப்பது, சுளகில் பயறு பரப்பிக் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, துவாயை மடிப்பது, விபூதியை மூன்று விரலால் எடுத்துப் பூசுவது. தேங்காய் திருவுவதைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். உணர்ச்சி குறைந்த கை திருவலையின் பல்லில் பட்டாலும் தெரியாது. அடுப்பு, கொதிநீர், அரிவாள் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

அசைவு ஓரளவு திரும்பியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டுப்படுத்தி, அடிபட்ட கையை வேலை செய்யவைப்பது. 2006 இல் வெளிவந்த எக்ஸைட் ஆய்வில் 222 பேர் கலந்துகொண்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உறையோடு இருப்பதை இலக்காக வைத்து, இரண்டு வாரம் பயிற்சி பெற்றவர்களின் கைப் பயன்பாடு வழமையான கவனிப்பைப் பெற்றவர்களைவிட முன்னேறியது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவாவது தாமாகவே நீட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே இது உரியது. வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கலாம். படி ஏறும்போதும் குளிக்கும்போதும் உறையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் ஊன்ற நல்ல கை வேண்டும்.

ஊட்டிவிடும் கைகளுக்கு ஒரு வார்த்தை. "பாவம், கஷ்டப்படுகிறார்" என்று ஓடிவந்து பட்டன் போட்டுவிடுகிறீர்கள். அது அன்புதான், எனக்குத் தெரியும். ஒன்றிலிருந்து இருபது வரை மனதுக்குள் எண்ணிவிட்டுக் கையை நீட்டுங்கள். பல தடவை பதினெட்டில் பட்டன் துளைக்குள் போய்விடும்.

தூண்டல் கிடைக்காதவர்களுக்கு, பொருந்தாதவர்களுக்கு

ஐந்தாம் படியில் தூண்டல் நடக்கும் அந்த இருபது நிமிடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற அனைத்தும் அப்படியே உங்களுக்கும் பொருந்தும். அந்த இருபது நிமிடத்தில் கண்ணாடிப் பயிற்சி செய்யலாம்: நெஞ்சுக்கு நேரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, வழங்காத கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டு கைகளையும் அசைக்க முயல்வது. விரல் அசைவே இல்லாதவர்களும் இதைத் தொடங்கலாம். ஒரு கண்ணாடியின் விலைதான் செலவு. இறுக்கம் அதிகமாகிக் கை முட்டியாக மடங்கியிருந்தால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி பற்றி வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். அந்த ஊசிக்குப் பின்னும் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் இறுக்கம் திரும்பிவிடும்.

இணையத்தில் விற்கும் நேர்மின்னோட்டக் கருவிகளை வாங்கி வீட்டில் தலையில் கட்டாதீர்கள். பஞ்சு சில சென்ரிமீற்றர் விலகினால் தூண்டப்படுவது வேறு இடம். மண்டையோட்டில் துளை இருந்தால் மின்னோட்டம் அங்கே குவியும். பற்றரியும் கம்பியும் வைத்துத் தாமே செய்துகொள்ளும் முறைகளைக் காட்டும் வீடியோக்களும் இருக்கின்றன. தோல் வெந்துபோகும்.

எப்போது நிறுத்த வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும்

கை திடீரென வீங்கிச் சிவந்து தொட்டாலே வலித்தால், தோள்வலி தூக்கத்தைக் கெடுத்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். கையோ முகமோ தானாக வெட்டி இழுத்தால், நினைவு மங்கினால், புதிதாக ஒரு பலவீனம் வந்தால் அது கிளினிக் நாள்வரை காத்திருக்கும் விஷயமல்ல, 1990 தான். இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையையும் "கை நன்றாகிவிட்டதே" என்று நிறுத்தாதீர்கள். பேச்சுக் குறைந்து, சாப்பாட்டில் விருப்பமில்லாமல், பயிற்சிக்கு வர மறுத்தால் சோம்பல் என்று திட்டாதீர்கள். பாரிசவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகச் சாதாரணம், அதற்கும் சிகிச்சை உண்டு.

தூண்டல் திட்டம் முடிந்த அன்றும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் அதே சோதனைகளால் அளக்கச் சொல்லுங்கள். ஃபூகல்-மயரில் ஐந்து புள்ளியளவு ஏற்றம் என்றால் அன்றாட வாழ்வில் தெரியும் மாற்றமாகக் கொள்ளலாம். ஏற்றம் இல்லையென்றால் அதே தூண்டலைத் திரும்பத் திரும்ப வாங்குவதில் பொருளில்லை. அந்தப் பணத்தைப் பயிற்சி நேரத்துக்குச் செலவிடுங்கள்.

முதல் சந்திப்புக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்டும், ஸ்கான் படங்களும், எடுக்கும் மாத்திரைகள் எல்லாமும் ஒரு பையில் இருக்கட்டும். அதோடு அவர் வீட்டில் தினமும் தேநீர் குடிக்கும் அந்தக் கோப்பையையும் பழைய பத்திரிகையில் சுற்றி எடுத்து வாருங்கள். நாங்கள் அதிலிருந்துதான் தொடங்குவோம்.